16 வெற்றி, 17 தோல்வி: ஒரு கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரைத் தொடக்க ஆண்டுகளை வைத்து எடைபோடலாமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு பக்கம் தேசியத் தொடர் நடக்கும். மறுபக்கம் பல்கலைக்கழகங்கள் தங்கள் பயிற்சியாளர்களை நீக்கிவிட்டுப் புதியவர்களைத் தேடத் தொடங்கும். வந்து இரண்டே ஆண்டுகள் ஆன ஒருவர் வெளியேற்றப்படுவார். அவரைவிடப் பெரிதாக எதையும் சாதிக்காத இன்னொருவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எந்த நியாயமும் தென்படாது.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள மூன்று பருவங்களை எடுத்துக்கொள்ளலாம். 2016-17 பருவத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் அணி, கெவின் ஆலியின் பயிற்சியில், களத்தில் 16 ஆட்டங்களை வென்று 17 ஆட்டங்களில் தோற்றது. 2018-19 பருவத்தில் அதே பல்கலைக்கழகம், புதிதாக வந்த டான் ஹர்லியின் பயிற்சியில், மறுபடியும் 16 வென்று 17 தோற்றது. 2022-23 பருவத்தில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், டாட் கோல்டனின் முதல் ஆண்டில், அதே 16 வெற்றியையும் 17 தோல்வியையும் கண்டது. முதலாமவர் அடுத்த ஆண்டே பதவி இழந்தார். இரண்டாமவர் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு தேசிய சாம்பியன் பட்டங்களை வென்றார். மூன்றாமவர் மூன்றாம் ஆண்டிலேயே பட்டம் வென்றார். எண்கள் ஒன்றுதான், அவற்றுக்குப் பின்னால் இருந்த அணிகளும் அவை சென்றுகொண்டிருந்த திசையும் வேறு. அந்த வேறுபாட்டை எப்படிக் கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பயிற்சியாளரின் வேலை என்பது என்ன

தொழில்முறை அணிகளில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது மேலாளரின் வேலை. தேர்ந்தெடுத்தவர்களை ஆட வைப்பது பயிற்சியாளரின் வேலை. கல்லூரி அணியில் இரண்டும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. பள்ளி இறுதியாண்டு மாணவர்களை ஊர் ஊராகச் சென்று பார்த்து, பெற்றோரிடம் பேசி, தன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வருவது முதல், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் யாரிடம் பந்து இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது வரை எல்லாமே அவர் பொறுப்பு. அவரை நியமிப்பவரும் நீக்குபவரும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர்.

போட்டி அமைப்பையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவை முப்பதுக்கும் சற்று மேற்பட்ட கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. நவம்பரில் தொடங்கும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் ஆடுகிறது. 2011 முதல் மார்ச் மாதத் தேசியத் தொடரில் 68 அணிகள் இடம்பெறுகின்றன. கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேரடியாக நுழைய, மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது. ஓர் ஆட்டத்தில் தோற்றால் கதை முடிந்தது, மறுவாய்ப்புக் கிடையாது.

ஒரு பருவத்தின் கணக்கில் கலந்திருப்பவை

வெற்றி-தோல்விக் கணக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் அது பயிற்சியாளரைப் பற்றி மட்டும் சொல்வதுமில்லை. அதில் குறைந்தது நான்கு பொருள்கள் கலந்திருக்கின்றன.

1. யாருடைய வீரர்கள் என்பது. புதிய பயிற்சியாளர் பெரும்பாலும் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ நியமிக்கப்படுகிறார். நல்ல பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே வேறு இடங்களுக்குக் கையெழுத்திட்டிருப்பார்கள். ஆகவே பழைய முறையில், முதல் ஆண்டு அணி முந்தைய பயிற்சியாளரின் அணி. புதியவர் முழுமையாகத் தேர்ந்தெடுத்த முதல் தொகுதி இரண்டாம் ஆண்டில்தான் வந்து சேரும். அப்போது அவர்களுக்கு வயது 18. அவர்கள் தேர்ந்த வீரர்களாவதற்குள் பயிற்சியாளரின் நான்காம் ஆண்டு வந்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

2. யாரோடு ஆடினார்கள் என்பது. பலவீனமான அணிகளை வரிசையாகச் சொந்த மைதானத்துக்கு அழைத்து வந்தால் பத்து வெற்றிகளைத் திரட்டிவிடலாம். இதைச் சரிசெய்யத்தான் தேர்வுக் குழு 2018-19 முதல் நெட் எனப்படும் தரவரிசையைப் பயன்படுத்துகிறது. அதன்படி ஒவ்வோர் ஆட்டமும் நான்கு அடுக்குகளில் ஒன்றில் வைக்கப்படும். சொந்த மைதானத்தில் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியோடும், பொது மைதானத்தில் முதல் 50-க்குள் உள்ள அணியோடும், வெளியூரில் முதல் 75-க்குள் உள்ள அணியோடும் ஆடுவது முதல் அடுக்கு. வெளியூரில் 70-ஆம் இடத்து அணியை வெல்வதும் சொந்த ஊரில் 25-ஆம் இடத்து அணியை வெல்வதும் ஒரே அடுக்கில் வருவதைக் கவனிக்க வேண்டும். சொந்த மைதானத்தின் பலம் அந்த அளவுக்குப் பெரிது.

3. நெருக்கமான முடிவுகள். ஓர் அணி ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களை ஓரிரு கூடை வித்தியாசத்தில் முடிக்கிறது என்று கொள்வோம். அந்த ஆட்டங்களில் இரு அணிகளும் சமபலம் என்றால், அது நாணயத்தைப் பத்து முறை சுண்டுவதற்குச் சமம். பத்தில் ஏழோ அதற்கு மேலோ தலை விழ 17 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றோ அதற்குக் குறைவோ விழவும் அதே 17 சதவீதம். அதாவது மூன்று அணிகளில் ஒன்று, திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, 7-3 என்றோ 3-7 என்றோ இன்னும் கோணலாகவோ முடிக்கும். முழுப் பருவத்துக்கும் இதே கணக்கை நீட்டலாம்: ஒவ்வோர் ஆட்டத்திலும் சரிபாதி வாய்ப்புள்ள அணி 32 ஆட்டங்கள் ஆடினால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு முறை அதன் வெற்றிகள் 13-க்கும் 19-க்கும் இடையில் விழும். 13 வெற்றி என்றால் பயிற்சியாளர் பதவிக்கு ஆபத்து, 19 வெற்றி என்றால் பாராட்டு விழா. அணி ஒன்றுதான்.

4. மார்ச் மாதம். ஆறு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றால் தேசிய சாம்பியன். ஆறு ஆட்டங்களைக் கொண்டு ஓர் ஆளை அளப்பதன் பலவீனத்தை விளக்க 1989-ஆம் ஆண்டின் மிச்சிகன் போதும். தொடர் தொடங்குவதற்கு முன்பே தலைமைப் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் வேறு பல்கலைக்கழகத்தின் வேலையை ஏற்றுக்கொண்டதால் உடனே வெளியேற்றப்பட்டார். உதவியாளராக இருந்த ஸ்டீவ் ஃபிஷர் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, ஆறு ஆட்டங்களையும் வென்று பட்டத்தைக் கொண்டுவந்தார். ஆறு வெற்றி, தோல்வி ஏதுமில்லை, ஒரு தேசியப் பட்டம்: தலைமைப் பயிற்சியாளராக அவருடைய அன்றைய மொத்த வரலாறு அதுதான்.

நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி

இந்த நான்கு கலப்புகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஓரளவு பிரித்தெடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதற்கு அடிப்படை பொசெஷன் என்ற அலகு. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததிலிருந்து அது எதிரணியிடம் போகும் வரையிலான ஒரு தாக்குதல் வாய்ப்பே ஒரு பொசெஷன். நாற்பது நிமிடக் கல்லூரி ஆட்டத்தில், முப்பது விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதியின் கீழ், ஓர் அணிக்கு ஏறத்தாழ எழுபது வாய்ப்புகள் கிடைக்கும்.

ஓர் அணி 77 புள்ளிகள் எடுத்தது என்று மட்டும் சொன்னால் அது நல்ல ஆட்டமா என்று தெரியாது. 70 வாய்ப்புகளில் 77 என்றால் நூறு வாய்ப்புக்கு 110 புள்ளி. மெதுவாக ஆடும் இன்னோர் அணி 62 வாய்ப்புகளில் அதே 77-ஐ எடுத்தால் நூறுக்கு 124. இரண்டாவது அணியின் தாக்குதல் மிகவும் மேலானது. ஸ்கோர்ப் பலகையில் அது தெரியாது. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் இந்த விகிதத்தைத் தனித்தனியே கணக்கிட்டு, எதிரணியின் தரத்துக்கும் மைதானத்துக்கும் ஏற்பத் திருத்தினால் கிடைப்பதே திருத்திய செயல்திறன். கென் பொமராய் என்ற புள்ளியியலாளர் நடத்தும் கென்பாம் தரவரிசை இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு வெற்றியை ஒரே எண்ணாக எண்ணுவதற்குப் பதில் எழுபது சிறு முடிவுகளாக எண்ணுவதால், ஓர் ஆட்டத்தின் கடைசி எறிவு வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்பது இங்கே பெரிய மாற்றத்தை ஏற்படுத்தாது.

இன்னும் உள்ளே சென்றால், டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் வருகின்றன. எறிவுகளின் பயன், பந்தை வீணே இழக்கும் டர்ன்ஓவர், தவறிய எறிவைத் திரும்பப் பிடிக்கும் ரீபவுண்டு, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிவான ஃப்ரீ த்ரோ ஆகியவையே அவை. முக்கியத்துவத்தில் இவற்றுக்கு முறையே 40, 25, 20, 15 சதவீதம் என்று அவர் எடை கொடுத்தார். புதிய பயிற்சியாளரை மதிப்பிடுபவருக்கு இவற்றில் எல்லாமே ஒரே அளவு பயன்படாது. எறிவின் துல்லியம் பெரும்பாலும் வீரரின் கைத்திறன். அது ஒரே கோடையில் மாறாது. ஆனால் தவறிய எறிவுக்கு எத்தனை பேர் ஓடுகிறார்கள், பந்தை எவ்வளவு கவனமாகக் கையாளுகிறார்கள், தடுப்பில் பின்னோக்கி விரைகிறார்களா என்பவை பயிற்சிக் கூடத்தில் பழக்கப்படுத்தப்படுபவை. பரம்பரையாகக் கிடைத்த அணியிடமும் முதல் ஆண்டிலேயே இவற்றில் மாற்றத்தைக் காணலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எதிரணி மூன்று புள்ளி எறிவுகளில் எத்தனை சதவீதம் போடுகிறது என்பதைத் தடுப்பு அணியால் பெரிதாகக் கட்டுப்படுத்த முடியாது; எத்தனை முறை முயல்கிறது என்பதையே கட்டுப்படுத்த முடியும் என்று பொமராய் நீண்ட காலமாகக் காட்டிவருகிறார். எனவே ஒரு புதிய பயிற்சியாளரின் தடுப்பு அருமையாக இருக்கிறது என்ற பேச்சு எழும்போது, எதிரணிகள் குறைவாக எறிகின்றனவா அல்லது நிறைய எறிந்து தவறவிடுகின்றனவா என்று கேட்க வேண்டும். முதலாவது நிலைக்கும், இரண்டாவது அடுத்த ஆண்டு காணாமல் போகலாம்.

கனெக்டிகட்: இறங்கும் 16-17, ஏறும் 16-17

இப்போது தொடக்கத்தில் சொன்ன கனெக்டிகட்டுக்குத் திரும்பலாம். இந்தப் பல்கலைக்கழகத்தைப் பெரிய அணியாக்கியவர் ஜிம் கல்ஹூன். 1986-87 பருவத்தில், தன் முதல் ஆண்டில், அவர் 9 வென்று 19 தோற்றார். அதே மனிதர் பின்னர் 1999, 2004, 2011 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். 2012 செப்டம்பரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், கல்ஹூன் ஓய்வு பெற, அவருடைய முன்னாள் வீரரும் உதவியாளருமான கெவின் ஆலி பொறுப்பேற்றார்.

ஆலியின் தொடக்கம் யாரும் குறைசொல்ல முடியாதது. முதல் ஆண்டில் 20-10. வீரர்களின் கல்வித் தேர்ச்சி பற்றிய விதிகளால் அந்த ஆண்டு அணிக்குத் தேசியத் தொடரில் ஆடத் தடை இருந்தும் அவர் அணியைச் சிதறவிடவில்லை. இரண்டாம் ஆண்டில் 32-8. தேசியத் தொடரில் தன் பகுதியின் ஏழாம் தரநிலையில் (தொடரின் நான்கு பகுதிகள் ஒவ்வொன்றிலும் அணிகளுக்குத் தேர்வுக் குழு தரும் வரிசை எண்) நுழைந்து, இறுதியில் கென்டக்கியை 60-54 என்று வீழ்த்திச் சாம்பியன். இரண்டே ஆண்டில் இதைவிட மேலான சான்றிதழ் ஒன்று இருக்க முடியாது என்றே அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால் அந்த அணியைத் தாங்கிய ஷபாஸ் நேப்பியர், ரயன் போட்ரைட், டிஆண்ட்ரே டேனியல்ஸ், நீல்ஸ் கிஃபி ஆகிய நால்வரும் கல்ஹூன் காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள். இதைச் சொல்வதால் ஆலியின் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. நல்ல வீரர்கள் இருந்தும் வீணான அணிகள் ஏராளம். அந்தப் பட்டம் நிரூபித்தது அவருக்கு ஆட்டத்தை நடத்தத் தெரியும் என்பதை. நிரூபிக்காதது அவருக்கு அணியைக் கட்டத் தெரியுமா என்பதை. கல்லூரிப் பயிற்சியாளரின் வேலையில் அது பாதி. அடுத்த நான்கு ஆண்டுகள் 20-15, 25-11, 16-17, 14-18 என்று சென்றன. 2016-17-இல் முக்கிய வீரர்களின் காயங்களும் சேர்ந்துகொண்டன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் தன் கையால் சேர்த்த வீரர்களோடு நின்ற ஆண்டுகளில் சரிவு வந்தது என்பது மறுக்க முடியாதது. 2018 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார்.

ஹர்லியின் வரிசை நேர் எதிரானது: 16-17, 19-12, 15-8, 23-10. இரண்டாம் ஆண்டில் கொரோனாவால் தேசியத் தொடரே நடக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் முதல் சுற்றிலேயே மேரிலாந்திடம் தோல்வி. நான்காம் ஆண்டில் மறுபடியும் முதல் சுற்றில், ஐந்தாம் தரநிலை பெற்றிருந்தும், நியூ மெக்சிகோ ஸ்டேட் அணியிடம் தோல்வி. நான்கு ஆண்டுகள் முடிந்தும் கனெக்டிகட்டின் பயிற்சியாளராக அவருக்குத் தேசியத் தொடரில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. மார்ச்சை மட்டும் பார்ப்பவருக்கு 2022-இல் அவர் தோல்வியாளர்.

வெற்றி விகிதத்தை எடுத்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது: ஏறத்தாழ 48, 61, 65, 70 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் ஏற்றம். அதிலும் 2020-இல் பல்கலைக்கழகம் பிக் ஈஸ்ட் என்ற கடினமான கான்ஃபரன்ஸுக்குத் திரும்பியபின், எதிரிகளின் தரம் கூடிய நிலையிலும் ஏற்றம் நிற்கவில்லை. 2022-23-இல் 31-8, பட்டம்; 2023-24-இல் 37-3, மறுபடியும் பட்டம். அந்த இரண்டு தொடர்களிலும் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் குறைந்தது பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். நான்காண்டு முடிவில் இதை யாராவது முன்கூட்டியே கண்டிருக்க முடியுமா என்றால், பட்டங்களைக் கண்டிருக்க முடியாது, ஏறுமுகத்தைக் கண்டிருக்கலாம்.

டியூக் கதையை எப்படிப் படிக்கக் கூடாது

பொறுமை பற்றிய பேச்சு எழும் இடத்திலெல்லாம் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெஃப்ஸ்கியின் பெயர் வந்துவிடும். 1980-இல் பொறுப்பேற்ற அவருடைய முதல் மூன்று பருவங்கள் 17-13, 10-17, 11-17. மொத்தம் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாம் பருவம் வர்ஜீனியாவிடம் 109-66 என்ற தோல்வியோடு முடிந்தது. ஆதரவாளர்கள் நீக்கச் சொன்னார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் மறுத்தார். 2022-இல் ஓய்வு பெறும்போது ஷஷெஃப்ஸ்கியிடம் ஐந்து தேசியப் பட்டங்களும் 1,202 வெற்றிகளும் இருந்தன.

இந்தக் கதையிலிருந்து பலர் எடுக்கும் முடிவு, மோசமான தொடக்கம் ஒரு பொருட்டே அல்ல என்பது. அது தவறான வாசிப்பு. தொடக்கத்தில் தோற்றுப் பின்னர் மேதையானவர்களின் கதை மட்டுமே நம்மிடம் வந்து சேர்கிறது; தோற்று, மேலும் தோற்று, மறக்கப்பட்டவர்களின் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒரு விதியை உருவாக்கினால் எல்லாத் தோல்வியும் வெற்றியின் முதற்படியாகத் தோன்றும்.

உண்மையில் அந்த மூன்றாம் ஆண்டில் பார்க்க வேண்டிய சான்று அட்டவணைக்கு வெளியே இருந்தது. 1982-இல் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலஸ், டேவிட் ஹெண்டர்சன் ஆகியோர் அடங்கிய தொகுதி டியூக்கில் சேர்ந்தது. 11-17 என்ற அந்தப் பருவத்தின் சுமையை முதலாண்டு மாணவர்களான இவர்களே சுமந்தார்கள். அடுத்த ஆண்டு 24-10. அவர்கள் இறுதியாண்டுக்கு வந்த 1985-86-இல் 37-3. தேசிய இறுதியாட்டத்தில் லூயிவில்லிடம் 72-69 என்று தோற்றார்கள். 10-17 இரண்டாம் ஆண்டும் 11-17 மூன்றாம் ஆண்டும் ஏறக்குறைய ஒரே எண்கள். முன்னதில் கையிருப்புக் கரைந்துகொண்டிருந்தது. பின்னதில் புதிய முதலீடு வளர்ந்துகொண்டிருந்தது. பட்டர்ஸ் கண்மூடிப் பொறுத்தார் என்று சொல்வது அவருக்கு அநீதி.

போர்ட்டல் வந்தபின் கெடு சுருங்கியது

அந்த 1982 தொகுதி இன்றைக்குச் சேர்ந்திருந்தால் நான்கு ஆண்டுகள் தங்கியிருக்குமா என்பது சந்தேகமே. 2018 அக்டோபரில் என்சிஏஏ டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற மின்பதிவேட்டைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் மாற விரும்பும் வீரர் அதில் பெயரைப் பதிந்தால் மற்றவர்கள் அவரை அணுகலாம். அதற்கு முன் இடம் மாறிய கூடைப்பந்து வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் முதல் இடமாற்றத்துக்கு அந்தத் தடை நீங்கியது. 2024-இல், படிப்பு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர்.

இதன் விளைவு லூயிவில்லில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2022-இல் பொறுப்பேற்ற கென்னி பெயின், அங்கேயே ஆடிப் பட்டம் வென்றவர். முதல் ஆண்டு 4-28, இரண்டாம் ஆண்டு 8-24. அவர் ஏற்றுக்கொண்ட அணியும் முந்தைய ஆண்டில் 13-19 என்ற நிலையில்தான் இருந்தது. ஆனால் சரிபாதி வாய்ப்புள்ள அணி 32 ஆட்டங்களில் நான்குக்கு மேல் வெல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று. எந்தத் துரதிர்ஷ்டமும் ஒரு சராசரி அணியை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளாது. 2024 மார்ச்சில் பெயின் நீக்கப்பட, பாட் கெல்ஸி வந்து, ஏறத்தாழ முற்றிலும் புதிய வீரர்களைத் திரட்டி, ஒரே ஆண்டில் 27-8 என்ற கணக்கைக் கொண்டுவந்தார். கான்ஃபரன்ஸில் மட்டும் 18-2. கையில் வந்த அணி சரியில்லை என்ற சமாதானம் முன்பு மூன்றாண்டுகள் செல்லுபடியாகும். போர்ட்டல் காலத்தில் இரண்டாம் ஆண்டிலும் அதைச் சொல்பவரிடம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழியை நினைவூட்டலாம்.

கோல்டனின் ஃபுளோரிடா இதே மாற்றத்தின் இன்னொரு முகம். முதல் ஆண்டில் 16-17. அணியின் தூணான காலின் காஸில்டன் பிப்ரவரியில் கை முறிந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு 24-12, அதற்கடுத்த ஆண்டு 36-4, ஹூஸ்டனை 65-63 என்று வென்று தேசியப் பட்டம். அந்த அணியின் முக்கிய வீரர்களில் வால்ட்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், அலிஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும் வந்தவர்கள். பெரிய அணிகள் கண்டுகொள்ளாத சிறிய பல்கலைக்கழக வீரர்களில் யார் வளர்வார் என்று கண்டறிவது இன்று தனித் திறமை. பள்ளி மாணவர்களைக் கவரும் பழைய திறமையிலிருந்து அது வேறு.

போர்ட்டல் மதிப்பீட்டை எளிதாக்கிவிட்டதாகத் தோன்றலாம். முதல் ஆண்டு அணியே பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த அணியாகிவிட்டதல்லவா? பாதி உண்மை. பொறுப்பை யார்மீது வைப்பது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அணியே மாறுவதால், ஹர்லியின் நான்காண்டு ஏறுமுகத்தைப் போன்ற ஒரு வரிசைக்கு முன்பிருந்த பொருள் குறைந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் என்பவை ஓர் அணியின் வளர்ச்சியாக இல்லாமல் மூன்று தனித்தனி முதலாண்டுகளாகிவிடலாம். அதோடு வீரர்களுக்குத் தரக் கையில் எவ்வளவு பணம் இருந்தது என்பது தெரியாமல் இரண்டு பயிற்சியாளர்களை ஒப்பிடுவதும் நியாயமில்லை. அந்தத் தொகைகள் பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதுமில்லை.

எதிர்பார்ப்பு என்ற அளவுகோல்

நார்த் கரோலைனாவின் ஹியூபர்ட் டேவிஸை 2023-இல் விமர்சித்தவர்கள் அவரை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. 2021-22, அவருடைய முதல் ஆண்டு. பிப்ரவரி நடுவில் சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்கிடம் தோற்று, தேசியத் தொடரில் இடம் கிடைக்குமா என்ற நிலையில் இருந்த அணி, எட்டாம் தரநிலையில் நுழைந்து இறுதியாட்டம் வரை சென்றது. கன்சாஸுக்கு எதிராக இடைவேளையில் 15 புள்ளி முன்னிலையில் இருந்து 72-69 என்று தோற்றது. தொடக்க ஐவரில் நால்வர் திரும்பி வந்ததால் அடுத்த பருவத்துக்கு முன் அணிக்கு நாட்டிலேயே முதலிடம் தரப்பட்டது. முடிவு 20-13, தேசியத் தொடரில் இடமே இல்லை. 1985-இல் தொடர் 64 அணிகளாக விரிந்தபின், பருவத்துக்கு முந்தைய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றுத் தொடரையே தவறவிட்ட முதல் அணி அது.

இதைப் பெரிய வீழ்ச்சி என்றார்கள். என் பார்வையில் அந்த வீழ்ச்சியின் பாதி, முதல் ஆண்டை மிகையாக மதித்ததில் இருக்கிறது. நான்கு மாத ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு மார்ச்சின் சில ஆட்டங்களை வைத்து முதலிடம் தந்தவர்கள் வாக்காளர்கள், டேவிஸ் அல்ல. திரும்பாத அந்த ஐந்தாவது ஆள், உயரமாக இருந்தும் தொலைவிலிருந்து துல்லியமாக எறிந்து களத்தை அகலப்படுத்திய பிரேடி மானெக். அவர் இடத்தை நிரப்ப முடியாமல் போனதற்கான பொறுப்பு மட்டும் டேவிஸுடையது. மூன்றாம் ஆண்டில் அவர் 29-8 என்ற கணக்கோடு முதல் தரநிலை பெற்றார்.

எப்போது எதைக் கேட்க வேண்டும்

1. முதல் ஆண்டின் முடிவில் வெற்றிகளின் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, திருத்திய செயல்திறன் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் உயர்ந்ததா, உழைப்பால் மாறக்கூடிய ரீபவுண்டும் டர்ன்ஓவரும் மாறினவா என்று கேட்கலாம். கணக்கு படுபாதாளத்தில் இருந்தால் மட்டுமே அது தனியாக எதையாவது சொல்லும்.

2. கோடையில், அவர் தக்கவைக்க விரும்பிய வீரர்கள் தங்கினார்களா என்பது முக்கியம். யார் போனார்கள் என்ற தலைப்புச் செய்தியைவிட, போனவர் ஆட்ட நேரம் கிடைக்காதவரா முதல் ஐவரில் ஒருவரா என்பதே செய்தி.

3. இரண்டாம் ஆண்டின் முடிவில், புதிதாக வந்தவர்கள் முந்தைய இடத்தைவிட இங்கே நன்றாக ஆடினார்களா என்று பார்க்க வேண்டும். அணியைத் தேர்ந்தெடுக்கும் திறமையும் வீரரை வளர்க்கும் திறமையும் இங்கே ஒன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், இன்றைய நிலையில் இதைவிடப் பயனுள்ள ஒற்றைக் கேள்வி வேறில்லை.

4. தேசியத் தொடரின் முடிவுக்கு மூன்றாம் ஆண்டு வரை சிறிய எடையே தர வேண்டும். தொடருக்குள் நுழைந்ததா என்பது நான்கு மாதச் சான்று. உள்ளே எத்தனை சுற்று சென்றது என்பது சில மணி நேரச் சான்று.

நீக்குவது என்பது தனி முடிவு

பயிற்சியாளர் நல்லவரா என்ற கேள்வியும் அவரை நீக்கலாமா என்ற கேள்வியும் ஒன்றல்ல. பல ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் ஒருவரை அனுப்பினால், மீதிக் காலத்துக்கான விலக்குத் தொகையைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். ஒழுங்குமீறல் போன்ற காரணம் காட்டி அதைத் தவிர்க்க முயல்வதும் உண்டு. ஆலி விஷயத்தில் கனெக்டிகட் அதைத்தான் முயன்றது. 2022 ஜனவரியில், இந்தப் பிணக்கை விசாரித்த தீர்வு நடுவர் அதை ஏற்காமல், 1.1 கோடி டாலருக்கும் மேல் தரும்படி தீர்ப்பளித்தார். வருபவர் நிச்சயம் மேலானவராக இருப்பார் என்ற உறுதியும் இல்லை. ஆகவே விளையாட்டுத் துறை இயக்குநர் எடைபோடுவது, இருப்பவரிடம் எஞ்சியுள்ள நம்பிக்கையை மட்டும் அல்ல. கிடைக்கக்கூடிய அடுத்தவரின் தரம், விலக்குத் தொகை, பயிற்சியாளர் மாற்றத்தில் போர்ட்டல் வழியே வெளியேறக்கூடிய வீரர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான். கல்ஹூனின் 9-19-ஐப் பொறுத்துக்கொண்ட அதே பல்கலைக்கழகம், ஆலியின் 14-18-ஐப் பொறுக்கவில்லை. இரண்டு முடிவுகளுமே சரியாக அமைந்தன.

2025 மார்ச் 23 அன்று, தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றில், ஹர்லியின் கனெக்டிகட்டும் கோல்டனின் ஃபுளோரிடாவும் மோதின. முதல் ஆண்டில் 16-17 என்று தொடங்கிய இரண்டு பயிற்சியாளர்கள் எதிரெதிர் இருக்கைகளில் இருந்தார்கள். ஆட்டம் 77-75 என்று ஃபுளோரிடா பக்கம் முடிந்தது. தொடர்ந்து மூன்றாவது பட்டம் என்ற ஹர்லியின் முயற்சி இரண்டு புள்ளியில் நின்றது.